ஏட்டய்யாவின் வயிறு

— கிருமியா? என் வயித்துலயா? டாக்டரம்மா, முப்பது வருசம் போலீஸ்ல குப்பை கொட்டுனவன் நான். எங்கிட்டயே கதை விடுதியளே.

— கதை இல்லை, ஏட்டய்யா. மதுரையில குழாயை விட்டு உங்க வயித்துலேர்ந்து துளி சதையைக் கிள்ளி எடுத்தாளே, அதுல இருக்காம். லெட்டர் வந்திருக்கு. எண்பத்தி மூணுலதான் விஷயமே வெளியில வந்தது, இந்த நாலஞ்சு வருஷமாத்தான் உலகத்துக்கே இது தெரியும்.

— சாவித்திரி டாக்டரம்மா, இவுகளை விடுங்க, எங்கிட்டச் சொல்லுங்க. பொஞ்சாதின்னு வந்த பாவத்துக்குப் பன்னெண்டு வருசமா மொளகா இல்லாத கொழம்பு வச்சு ஓஞ்சு போனவ நான்.

— நீ சும்மா இரு, முப்பிடாதி. டாக்டரம்மா, வயித்துல கெடக்கது திராவகம்னு சொல்லுதாக. கறியே கரையுது. அதுல ஒரு பூச்சி எப்படி உசுரோட கெடக்கும்?

— அதான் அதோட சாமர்த்தியம். சோடா உப்பைப் போட்டா புளிப்பு அடங்கறதில்லையா? அந்த மாதிரி ஒண்ணைத் தானே உண்டாக்கித் தன்னைச் சுத்தி வச்சுக்கும். திராவகம் கிட்ட அண்டாது. உடம்பும் திருகாணி மாதிரி, பின்னாடி வால் வேற. வாலைச் சுழட்டிண்டு, வயித்துச் சுவர்ல இருக்கற கோழைக்குள்ள திருகிப் போய் ஒளிஞ்சுக்கும்.

— ரத்தத்துல காவல் இருக்குன்னு சொல்லுவாகளே, அது என்னத்தப் புடுங்குது?

— வராம இல்லை, கூட்டமா வரும். கோழைக்குள்ள இருக்கறவனைப் பிடிக்கத்தான் முடியாது. வந்த ஆத்திரத்துல அங்க இருக்கறதைப் போட்டு அடிக்கும். கிருமி தப்பிச்சுடும், அடி நம்ம சதைக்குத்தான். அந்தப் புண்தான் உங்களுக்கு.

— நாங்களும் ஸ்டேசன்ல அப்படித்தானே அடிச்சோம், டாக்டரம்மா.

— வேண்டாம், அதை இங்கன எதுக்கு எடுக்கிய?

— சொல்லிருதேன், முப்பிடாதி. எந்த ஸ்டேசன்னு வேண்டாம், டாக்டரம்மா. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி, சீசன் நேரம். பேரருவியில குளிச்ச பெரிய எடத்து அம்மா ஒருத்திக்குச் சங்கிலி போயிட்டு. மேல இருந்து நெருக்குதாக, கள்ளன் ஆம்பிடல. அருவிக்கரையில எண்ணெய் தேச்சு விடுத குத்தாலிங்கம்னு ஒருத்தன், இருபத்திரண்டு வயசு, கண்ணுல பட்டான். தூக்கிட்டு வந்தோம். நானும்தான் அடிச்சேன். மூணாம் நாளு போயிட்டான். வயித்து வலியில செத்தான்னு எழுதி மூடிட்டாக.

— அவன் ஆத்தா வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துனா, டாக்டரம்மா. 'நீ திங்கிற சோறு உனக்கு நெருப்பா எரியணும்'னு இவுக மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டா. அந்த மாசமே வலி வந்துட்டு. அன்னையிலேருந்து எந்த மருந்தை வாங்கிக் குடுத்தாலும் கொல்லையில வீசிருதாக. போன மாசம் ரத்தமா கக்கவும்தான் இழுத்துட்டு வந்தேன்.

— இன்னொரு தடவை அப்படி ரத்தம் வந்தா என்னால காப்பாத்த முடியாது, ஏட்டய்யா. கேளுங்கோ, இது சாபம் இல்லை. சின்ன வயசுலயே கிருமி உள்ள போயிருக்கும். அந்தம்மா மண்ணை வாரினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ரெண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டா, புண் ஆறிடும்.

— கேட்டியளா? சாபம் இல்லையாம்! ரெண்டே வாரமாம்! நான் ஏறி எறங்காத கோயில் இல்லையே, தாயி. மருந்துச் சீட்டை வாங்குங்க. ஏன் கையை மடக்கி வச்சிருக்கிய?

— ஏட்டய்யா, பிழைச்சுக்கலாம்னு சொல்றேன். அதுக்கு ஏன் இப்படி அழறேள்?

— இவளுக்கும் தெரியாது, டாக்டரம்மா. வருசா வருசம் ஆடியில, அவன் செத்த அன்னைக்கு அந்த ஆத்தா வீட்டு வாசல்ல போயி நிப்பேன். 'இன்னும் எரியுதாலே?'ன்னு கேப்பா. 'எரியுது, ஆச்சி'ம்பேன். அதைக் கேட்ட பொறவுதான் அன்னைக்கு அவ சோத்துல கையை வைப்பா. கேசு, கோர்ட்டுன்னு எதுலயும் அவளுக்கு ஒண்ணும் கெடைக்கல, இது ஒண்ணுதான் கெடைச்சுது. இந்த ஆடிக்குப் போயி, 'ஒன் சாபம் என்மேல படவே இல்லை'ன்னு அவகிட்ட நான் எப்படிம்மா சொல்லுவேன்?