வலக் கன்னத்துத் தழும்பு

ஐயா, மரப்பலகையில் வெட்டி அச்செடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. பலகையில் இடது பக்கம் வெட்டியது தாளில் வலது பக்கமாக விழும். அதை மாற்றி யோசித்து வெட்ட எனக்குப் பொறுமை கிடையாது. முகம் முகம்தானே என்று விட்டுவிடுவேன்.

தேனெடுக்கக் காட்டுக்குப் போன மகனை எதிர்பார்த்து நின்று நின்றே பாலை மரமாகிப்போன ஒரு தாயின் கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அதைத்தான் வரிசையாக அச்சுப்படங்கள் ஆக்கினேன். அந்தத் தாய்க்கு முகம் தந்தவர் சிவனேஸ்வரி அக்கா. கடைசிப் போரில் புதுக்குடியிருப்பில் மகன் கஜீபனைத் தவறவிட்டவர். மாங்குளத்தில் என் வீட்டுக்கு வந்து சமைப்பார். இடையிடையே முற்றத்தில் எனக்காக உட்காருவார். பதினைந்து வருடமாகப் வாசற் படலையைப் பார்த்துப் பழகிய கண்கள். அந்தப் பார்வையைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது.

படங்களுக்கு நல்ல பேர் கிடைத்தது. பிறகு பாலைக் கட்டையிலேயே அவரை ஆளுயரச் சிலையாகச் செதுக்கினேன். கண்கள் மட்டும்தான் மிச்சம்.

அந்தக் கிழமைதான் கஜீபன் வந்தார். ஆமாம், உயிரோடுதான். படகேறி இந்தியா போய், அங்கிருந்து எங்கெங்கோ அலைந்தவர். தாய் ஷெல் பட்டு இறந்துவிட்டதாக ஊரார் சொன்னதை நம்பியிருந்தார். ஃபோனில் என் அச்சுப்படத்தைக் கண்டதும் சந்தேகம் வந்திருக்கிறது.

"அண்ணை, இது என்ர அம்மா மாதிரியே கிடக்கு. ஆனா அவாக்குத் தழும்பு இடக் கன்னத்தில."

"படத்தில எந்தக் கன்னத்தில?"

"வலக் கன்னத்தில."

"அப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்கோ, தம்பி."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஏதும் தெரிந்தால் சொல்லச் சொல்லி ஃபோன் நம்பர் தந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நானே போய் எடுத்துவந்து கொடுத்தேன், ஏனென்றால் குசினிக்குள் அக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்.

அவர் போனபின் அக்கா எட்டிப் பார்த்தார். "ஆர் தம்பி வந்தது?"

"படம் பாக்க வந்த ஆள், அக்கா."

எனக்குக் கஜீபன் மேல் கோபம் இல்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மகனைக் கண்ட தாயின் கண்கள் வேறு. அவை எனக்கு உதவாது. இரண்டு கிழமையில் வேலையை முடித்துவிட்டு நானே ஃபோன் எடுத்துச் சொல்லலாம் என்றிருந்தேன். கண்கள் சரியாக அமையவில்லை. இரண்டு கிழமை ஐந்து மாதமாகிவிட்டது.

மார்கழியில் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு விளங்கியது.

"அவன் வந்தா சாப்பாடு குடுப்பீரே?"

"ஓம் அக்கா."

அப்போது என்னைப் பார்த்தார். நான் தேடிய பார்வை அதுதான். வீட்டுக்கு வந்து இரண்டே நாளில் கண்களை வெட்டி முடித்தேன்.

அச்சு இடம் வலம் மாறித்தான் விழும் என்று பிறகு யாரோ கஜீபனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஓடிவந்தபோது அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது. என் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுக்கினார். அது நியாயம்தான். நம்பர் என் ஃபோனில்தான் இருந்தது. நான் எடுத்துச் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை, ஐயா, அப்படியே எழுதுங்கள்.

ஆனால் இதையும் எழுதுங்கள். அக்காவை நான் அநாதையாக விடவில்லை. கொள்ளி வைத்தது நான்தான். பிள்ளை வராத தாய்க்கு வேறு யார் வைப்பார்கள்?