பெட்டி தூக்க வந்தவள்

தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் பாடி ஊழியம் செய்யும் கிறிஸ்தவ வாலிபர் குழு ஒன்று ஹட்டனில் டயகம பஸ்ஸில் ஏறியது. எண்ணினேன்: ஒன்பது பேர், மூன்று கிட்டார், ஓர் ஆர்மோனியப் பெட்டி. என் முன் இருக்கையில் குழுத் தலைவன், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னான்:

“தோட்டத்துல ஒங்கம்மாவப் பாத்தா அம்மான்னு கூப்பிட்டுறாத, மேரி.”

“ஏண்ணே?”

“சாப்பாடு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீட்டுல. லயத்துக் கூலிக்காரி பிள்ளைன்னு தெரிஞ்சா ஒன்ன மேசையில உக்கார வைக்க மாட்டாங்க. பாண் ரொட்டிக்கே வரிசையில நிக்கிற காலம், எல்லார் சாப்பாட்டையும் கெடுத்துறாத.”

“எல்லாரும் ஒரே பந்தின்னு பாடப்போறது நான்தானே?”

“பாட்டு கோயில்ல. சாப்பாடு வீட்டுல.”

“சின்னதுலயே விடுதிக்குப் போயிட்டேன். நான் பாடி எங்கம்மா ஒருநாளும் கேட்டதில்லண்ணே.”

“பின்னால நின்னு கேக்கட்டும். யாரு வேணாங்கிறா?”

தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றது. பெட்டி சுமக்கக் கிளாக்கர் அனுப்பிய ஒரு பெண், கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கோடு மழையில் நின்றாள்.

“எங்கம்மா,” என்றாள் மேரி, மெதுவாக.

அந்தத் தாய்க்கும் யாரோ முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். இறங்கி வந்த மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் ஏற்றி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மேரியிடம் நீட்டினாள்.

“பையையும் குடுங்க, மிஸ்.”