சுட்டுப் பார்க்காத பெட்டி

காப்பி பரவாயில்லை. ஷெரிஃப் அலுவலகத்துக் காப்பி வாயில் வைக்க விளங்காது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். இதைவிட மோசமானதை முப்பத்தொரு வருடம் குடித்தவன் நான். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நீங்கள் சின்னப் பெண். இடுப்பிலிருக்கும் துப்பாக்கியை நிமிடத்துக்கு ஒருமுறை முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்களிடம் விட்டால் கேள்வியை வரிசைப்படுத்தவே சாயங்காலமாகிவிடும். நானே முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் வெர்லின் டகெட். வயது ஐம்பத்தொன்பது. பெண்ட்லி துப்பாக்கிக் கடையில் விற்பனையாளர், பின்கட்டில் இருக்கும் சுடுகளத்தில் பயிற்சியாளர். நீங்கள் கேட்பது ஷெர்லீன் கோபர்னைப் பற்றி. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவளைப் போன்றவர்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

முதல் தடவை துப்பாக்கி வாங்கியவர்களைக் கதவு திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். சர்ச்சுக்குத் தாமதமாக வந்தவர்கள் மாதிரி ஓசைப்படாமல் நடப்பார்கள். சுட்டுப் பழகத் தோட்டா வேண்டும் என்பார்கள். எந்த அளவு என்று கேட்டால் விழிப்பார்கள். ஒருத்தர் நடுத்தர சைஸ் என்றார், சட்டை வாங்க வந்தவர் போல. ஒரு பெண் தன் துப்பாக்கியின் நிறத்தைச் சொன்னாள். ஒரு பல் டாக்டர் முனையில் குழி வைத்த உயர்ந்த சரக்கை ஐந்து பெட்டி வாங்கிப் போய், அத்தனையையும் காகிதத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு, மறுநாள் எனக்கு நன்றி சொல்ல வந்தார். அது வீட்டுக்குள் எவனாவது நுழைந்தால் சுடுவதற்கு. பழகுவதற்குச் செம்பு உறை போட்ட மலிவுத் தோட்டா போதும். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். சொல்வதும் உண்டு, எதிரில் நிற்கும் மூஞ்சியைப் பொறுத்து.

ஷெர்லீன் ஏப்ரலில் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தலைமுடிக்குப் போடும் வலையைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற லாரிக்காரர் ஒன்பது மில்லிமீட்டர் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

“எனக்கும் அதையே குடுங்க சார்.”

“எதையே?”

“அவருக்குக் குடுத்தீங்களே, அதைத்தான். சுட்டுப் பழகத்தான் சார், பெருசா ஒண்ணும் வேணாம்.”

கொடுத்தேன். எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஓட்டலில் பக்கத்து மேசைத் தட்டைக் கைகாட்டிச் சாப்பாடு கேட்கிறவளுக்கு அதைத்தான் கொண்டுவந்து வைக்க முடியும்.

சனிக்கிழமை திரும்பி வந்தாள், பிரித்த பெட்டியோடு. சனிக்கிழமைகளில் காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வேட்டைக் கதை பேசிக்கொண்டு நிற்பார்கள். அத்தனை பேர் நடுவிலும் அந்தப் பெட்டியை என் முன்னால் வைத்தாள்.

“சார், இது உள்ளயே போக மாட்டேங்குது.”

கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் காட்டினாள். சின்னது, முந்நூற்றெண்பது என்கிற அளவு. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா அதற்கு நீளம். அவளுடைய சித்தி மகன் பார்த்து வாங்கிக் கொடுத்ததாம்.

“எப்பிடிம்மா போகும்? செருப்பு வாங்குறப்போ காலை வீட்டுல விட்டுட்டு வந்தா இப்பிடித்தான். பிரிச்ச பெட்டியத் திரும்ப எடுக்குறதில்ல. சுவத்துல எழுதியிருக்கு பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னது விதி. இந்த நாட்டில் எந்தக் கடையும் விற்ற தோட்டாவைத் திரும்ப வாங்காது. வெளியே போய் வந்த பெட்டியில் யார் எதைக் கலந்து வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்?

அவள் முகம் சிவந்தது, ஆனால் நகரவில்லை. “சுவத்துல எழுதினது இருக்கட்டும் சார். எந்தத் துப்பாக்கிக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தெரியாதவங்களக் கேட்டுக் குடுக்கத்தானே உங்கள இங்க நிக்க வெச்சிருக்காங்க?”

மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை அவளைப் பார்த்து இல்லை.

சத்தம் கேட்டு ராய்ஸ் வெளியே வந்தான். கடை முதலாளி. அவன் அப்பா காலத்தில் இவன் மேசைக்கடியில் காலித் தோட்டா பொறுக்கி விளையாடியதை நான் பார்த்திருக்கிறேன். “யோவ் வெர்லின், அவங்க சொல்றதுல என்னய்யா தப்பு? கேட்டிருக்கணும்ல?” என்றான், அத்தனை பேர் முன்னாலும். பிறகு அவளிடம் திரும்பினான். “மன்னிச்சுக்கங்கம்மா. வேற பெட்டி எடுத்துட்டுப் போங்க. இவரே உங்களுக்கு ஆரம்பப் பயிற்சி சொல்லித் தருவாரு, காசு வேணாம்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் குழம்பு ஊற்றுகிறவளிடம் கோபப்படுவதற்கு நான் என்ன, அவளுக்குச் சமமா?

பயிற்சியில் ஒரு முறை உண்டு. புதிதாகச் சுடுகிறவன் வெடிக்கும் முன்பே பயந்து கையை ஆட்டுவான். ஆட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. அதனால் பயிற்சியாளர் திரும்பி நின்று, நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு டம்மித் தோட்டாக்களைச் சேர்த்து நிரப்பிக் கொடுப்பார். டம்மி வரும்போது ‘கிளிக்’ என்ற சத்தம் மட்டும் வரும், துப்பாக்கியின் மூக்கு வெட்கமில்லாமல் கீழே குதிக்கும். பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் குட்டு வெளிப்பட்டுவிடும். கடையில் விற்கும் டம்மிகள் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், குருடன்கூடக் கண்டுபிடிப்பான். நான் என் பட்டறையில் சொந்தமாகச் செய்வேன். உண்மையான பித்தளைக் குப்பி, உண்மையான ஈயம், உள்ளே வெடிமருந்து மட்டும் கிடையாது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு அடையாளம் வை என்று ராய்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறான். ஓட்டை போட்டால் மாணவன் பார்த்துவிடுவான். நான் போட்டதில்லை.

முதல் வகுப்பில் ஷெர்லீனுக்கு மூன்று டம்மி வைத்தேன். மூன்றுக்கும் குதித்தாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். முன்னாள் கணவன் டாரல் இரண்டு முறை வீட்டுக் கதவை உடைத்திருக்கிறான். கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றம் போட்ட உத்தரவைக் கிழித்து அவள் கார்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனானாம்.

“அடுத்த தடவை வந்தா அவன் என்னை உயிரோட விட மாட்டான் சார். விளையாட்டுக்குச் சொல்லல. அதனாலதான் இதைக் கத்துக்க வந்தேன்.”

டாரலை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு வருவான். தனக்கு என்ன வேண்டும், என்ன அளவு, எவ்வளவு கனம் என்று ஒரே மூச்சில் சொல்வான், எடுத்துக்கொண்டு போவான். பதினைந்து வருடத்தில் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டதில்லை. அவன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. வாங்கத் தெரிந்தவன் என்கிறேன்.

டம்மி வந்து வெடிக்காமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். அடியைத் தட்டு, மேல்பகுதியை இழுத்து விடு, மறுபடி குறி வை. அவள் வீட்டில் மக்காச்சோள ரொட்டி வேகும் நேரத்தில்கூட இதைப் பழகினாளாம். நான்காவது வகுப்பில் டம்மி வந்தபோது அவள் கை அசையவில்லை. கல்லில் பதித்த மாதிரி நின்றது. தட்டினாள், இழுத்தாள், நடுவில் சுட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “இப்ப ஏமாந்தது யாரு சார்?”

எல்லோரும் கைதட்டினார்கள். ராய்ஸும் தட்டினான்.

அந்தக் கோடையில் முந்நூற்றெண்பதுக்குத் தட்டுப்பாடு. பழகும் சரக்கே அரிதாக வந்தது. குழி வைத்த சரக்கு இந்த மாவட்டத்திலேயே இல்லை. வீட்டில் நிரப்பி வைக்க எதுவும் இல்லையே என்று அவள் அங்கலாய்த்தாள். நானே என் பட்டறையில் கையால் தோட்டா அடைத்துத் தருகிறேன் என்றேன். என் கைச்சரக்குக்கு ஊரில் மரியாதை உண்டு, மூன்று மாவட்டத்திலிருந்து கேட்டு வருவார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்காகவா சார்? நான் உங்கள அன்னைக்கு அப்பிடிப் பேசினதுக்கு...”

“அதை அப்பவே மறந்துட்டேன்மா.”

இருபது அடைத்தேன். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, புதுப் பெட்டியில் அடுக்கினேன். பார்வைக்கு அவ்வளவு அழகான இருபது தோட்டா நான் செய்ததில்லை. ஒன்றிலும் மருந்து இல்லை. மறு வாரம் அவள் பீச் பழம் போட்டு அடுப்பில் சுட்ட ஓர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது.

ஏன் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? இரண்டு காரணம். ஒன்று, அவள் குடியிருந்தது சக்கரம் வைத்த வண்டி வீடுகள் நெருங்கி நிற்கும் இடம், சுவரெல்லாம் அட்டை. இப்படிப்பட்டவள் பதற்றத்தில் நாலு சுட்டால் நாலும் பக்கத்து வீட்டுத் தொட்டிலில் போய் நிற்கும். பொறுப்புள்ளவன் எவனும் அதை யோசிப்பான். இன்னொன்று, அது ஒரு பாடம். என்றாவது சுடுகளத்தில் அந்தப் பெட்டியைப் பிரிப்பாள், இருபது முறை கிளிக் என்று சத்தம் வரும், அத்தனை பேர் முன்னாலும் அசடு வழிய என்னிடம் வந்து ஏன் சார் என்று கேட்பாள். வாங்கியதைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்று அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். அவ்வளவுதான்.

போன ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில், டாரல் சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். அவள் உங்கள் அவசர எண்ணைக் கூப்பிட்டு, போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்திருக்கிறாள். அந்தப் பதிவைக் கொஞ்சம் முன்பு எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. நான் கவனமாகக் கேட்டேன். கிளிக். தட்டுகிறாள், இழுக்கிறாள். கிளிக். தட்டுகிறாள், இழுக்கிறாள். தரையில் ஆறு தோட்டா விழும் சத்தம் கேட்கிறது. ஆறு முறையும் ஒரே சீராக, பதறாமல், ஒரு வேகத்தில். என் மாணவர்களில் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள், ஒருத்தராவது இப்படிச் செய்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். அந்த அளவுக்கு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்பதையும் உங்கள் அறிக்கையில் சேருங்கள்.

நடுவில் டாரல் சிரிக்கிறான். அவள் போனைப் பார்த்துச் சொல்கிறாள்: “சுட மாட்டேங்குது. நான்தான் ஏதோ தப்புப் பண்றேன். நான்தான்...” பிறகு அவனுடைய துப்பாக்கிச் சத்தம், இரண்டு முறை.

பாருங்கள், கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. இவர்கள் எல்லோரும் இப்படித்தான்.

பாடம் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. நீங்களே எப்படியும் ராய்ஸிடம் கேட்டுக் கண்டுபிடிப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைக்கும் தோட்டாவிலும் ஒரு பத்தையாவது முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும். அது தொழிலின் முதல் விதி, ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொல்வேன். அவளுடைய வகுப்பில் மட்டும் நான் சொல்லவில்லை. ஆனாலும் அவளாகவே எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டாள்.

“சார், உங்க பெட்டியிலேர்ந்து ரெண்டு மட்டும் சுட்டுப் பாக்கட்டுமா?”

“வேணாம்மா. கைச்சரக்கு, காகிதத்துல வீணாக்காதீங்க. பழகறதுக்கு நான் வேற தர்றேன்.”

தந்தேன். அதன் பிறகு ஒன்பது சனிக்கிழமை. அவ்வளவு தட்டுப்பாட்டிலும், லாரி வந்து இறங்கியதும் யார் கண்ணிலும் படாமல் பழகும் சரக்கில் இரண்டு பெட்டி அவள் பெயர் எழுதி ஒதுக்கி வைத்தேன். வெர்லினுக்கு வயதான காலத்தில் மனசு இளகிவிட்டது என்று ராய்ஸ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமைகூட அவளுக்குத் தோட்டா இல்லை என்று ஆகவிடவில்லை. ஆகியிருந்தால் வேறு வழியில்லாமல் அந்தப் பெட்டியைப் பிரித்துச் சுட்டிருப்பாள்.