ஒற்றைக் காதுக்காரர் வீட்டு ஸ்டீரியோ

மாலை ஐந்தேமுக்கால். மழை பெய்து ஓய்ந்த சாலை. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள்... தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது.

கொஞ்சம் நகர்ந்து கிட்ட வந்து உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

ஸ்கூட்டரில் போனவர் என் சிநேகிதனுடைய தாய்மாமன். வீடு வீடாகப் போய் ஸ்டீரியோ செட் பொருத்திக் கொடுப்பதுதான் தொழில். ரெக்கார்டு சுழலும் தட்டு மயிரிழை சாய்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் வைத்திருப்பார். ஹோட்டலில் காபி வந்தால்கூட மேஜை மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாய் குடிப்பார். எல்லோரும் அவரையே ரசமட்டம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு வீடு. வாசலில் எழுபது வயதுக்காரர் ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். டெய்லர். கடையை மூடி வருஷக்கணக்காகிவிட்டது, அளவு டேப் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. அவருடைய மகள் வேறு ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குச் செட் போட்டுக் கொடுத்ததும் ரசமட்டம்தான். அவள் சொல்லித்தான் வந்திருந்தார்.

"வாங்க தம்பி. இந்தப் பக்கமா வந்து பேசுங்க." டெய்லர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "வலது காது சின்ன வயசுலயே போயிடுச்சு. சீழ் வச்சு, சுத்தமா கேக்காது."

ரசமட்டத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டீரியோ என்பதே இரண்டு காதுக்கான சமாசாரம். இரண்டு ஸ்பீக்கரையும் அளவு பார்த்து வைத்தால், பாடுகிறவர் அந்த இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் இடத்தில் வந்து நிற்பார். கண்ணை மூடினால் கைநீட்டித் தொடலாம் போல இருக்கும். ஒற்றைக் காதுக்கு அப்படி நிற்க மாட்டார். என்ன விலை கொடுத்தாலும் நிற்க மாட்டார். இதை எப்படி அந்த மனுஷனிடம் சொல்வது?

டெய்லரே சொல்லிவிட்டார். "எனக்கில்ல தம்பி. என் வீட்டுக்காரிக்கு."

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அதை மகள் முன்பே போனில் சொல்லியிருந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் நாலு அட்டைப்பெட்டிகள், ஒட்டிய டேப்பைக்கூடக் கிழிக்காமல். அந்த அம்மாவுக்கு அவளுடைய தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்தது. மூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் கேட்டிருக்கிறாள், இன்றைக்காவது பிரிக்கலாமா என்று. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று டெய்லர் ஆறப் போட்டிருக்கிறார். தூசி, இடமில்லை, தையல் மெஷின் ஓடுகிற வீடு... சாக்குக்கா பஞ்சம்? ஒரு ஞாயிறு அவள் விடாமல் நச்சரித்தாள். அன்றைக்கு வாயில் உண்மை வந்துவிட்டது.

"எனக்குக் கேக்காதது உனக்கு மட்டும் எதுக்குடின்னு சொல்லிட்டேன் தம்பி." டெய்லர் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. சாகற வரைக்கும் எடுக்கல. நானும் மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லல. நீங்க செட்டைப் போட்டுடுங்க. அவ கேக்கட்டும். அவ மனசு ஆறினா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ரசமட்டம் பெட்டிகளைப் பிரித்தார். புது அட்டை வாசனை... தெர்மோகோல் கிறீச்சிட்டது.

அவள் வழக்கமாக உட்காரும் மர நாற்காலி ஒன்று அந்த அறையில் இருந்தது. அதை வைத்துத்தான் எல்லா அளவும். ஸ்பீக்கர் உயரம் காது உயரத்துக்கு இருக்க வேண்டும். உட்கார ஆள் இல்லையே, எப்படி அளப்பது என்று அவர் தயங்கினார்.

"முப்பத்தொம்போது இன்ச்," என்றார் டெய்லர், யோசிக்காமல். "அந்த நாற்காலில உக்காந்தா தரையிலேர்ந்து அவ காது முப்பத்தொம்போது இன்ச்."

பெண்டாட்டியின் அளவெல்லாம் அத்துப்படி. மனசுக்குத்தான் டேப் வைக்கவில்லை, பாவி மனுஷன்.

ஏழேகாலுக்கு வேலை முடிந்தது. தட்டு மட்டமாகச் சுழன்றது. ஊசியின் கனத்தைக் குட்டித் தராசில் இரண்டு தடவை நிறுத்தாயிற்று. அலமாரியில் அவள் சேர்த்து வைத்திருந்த ரெக்கார்டுகளில் ஒன்றை ரசமட்டம் எடுத்தார். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. ஊசியை இறக்கினார். சடசட... அப்புறம் ஒரு பெண் குரல், கூட ஒரே ஒரு தந்தி வாத்தியம்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குரல் நடுவில் இல்லை. வலது பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. இடது ஸ்பீக்கர் பாடுகிறது, ஆனால் மங்கலாக... கம்பளியை மேலே போட்டு மூடின மாதிரி.

இதெல்லாம் அவருக்குப் புதிதில்லை. எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். முதலில் ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபயரில் இடம் மாற்றிச் செருகினார். கோளாறு ஊசியிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருந்தால் மங்கல் வலது பக்கம் போக வேண்டும். போய் உட்கார்ந்தார். இடது பக்கமே மங்கலாக இருந்தது.

சரி, ஸ்பீக்கர்தான். இடது ஸ்பீக்கரை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் தூக்கி மாற்றினார். உட்கார்ந்தார்.

இடது பக்கமே மங்கல்.

ஊசி இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. மிச்சம் இருப்பது அறைதான். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஏதோ மறைக்க வேண்டும். ஒரு திரை, ஒரு பீரோ... ஒரு ஆள். இருபது வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் யாராவது வேடிக்கை பார்க்கக் குறுக்கே வந்து நிற்பார்கள். சரியாக இப்படித்தான் மங்கும். "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்பார், அவர்களும் தள்ளிக்கொள்வார்கள்.

இங்கே நடுவில் வெறும் சிமெண்டுத் தரை. டெய்லர் அறைக்கு வெளியே நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறார். அந்துருண்டை வாசனை... அலமாரியை எப்போதோ மூடியாயிற்று. வாசனை போகவில்லை. கையை நீட்டிப் பார்க்கலாமா என்று அவருக்குத் தோன்றியது. நீட்டவில்லை. நீங்கள் நீட்டியிருப்பீர்களா?

"என்ன தம்பி, ஏதாவது பிரச்சினையா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்றேன் இல்லையா... "இடது பக்கம் யாரோ நிக்கற மாதிரி கேக்குது ஐயா," என்று சொல்லிவிட்டார்.

டெய்லர் பதறவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அவ எப்பவும் இடது பக்கந்தான் நிப்பா. எனக்குக் கேக்கற பக்கம் அதுதானே. நீங்க அவ இடத்துல உக்காந்திருக்கீங்க தம்பி. எழுந்திருங்க."

எழுந்த வேகத்தில் முழங்கால் மேஜையில் இடித்தது. நாலு எட்டில் நிலைப்படிக்கு வந்து நின்று கேட்டார். மங்கலைக் காணோம். இரண்டு ஸ்பீக்கரும் பளிச்சென்று பாடின. மர நாற்காலி... ஒரே ஒரு தடவை கிறீச்சென்றது, பாரம் இறங்கினால் மரம் முனகுமே, அப்படி.

"உக்காந்துட்டா," என்றார் டெய்லர். கண்ணெல்லாம் தண்ணீர். "போதும் தம்பி. நீங்க புறப்படுங்க."

அப்போதே புறப்பட்டிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் தலை தெறிக்க ஓடியிருப்பார்கள். ஆனால் ரசமட்டத்துக்கு ஒரு பழக்கம். செட் போட்ட வீட்டுக்காரர் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுசாகக் கேட்காமல் அவர் செருப்பு மாட்ட மாட்டார். கோளாறு எதுவும் இல்லை, அறை எதிரொலிதான், மனப்பிராந்திதான் என்று தனக்கே நிரூபித்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொன்னார். பயந்தவன் சில சமயம் வீரனை விட அதிகப்பிரசங்கித்தனம் பண்ணுவான்.

"ஐயா, நீங்க ஒரு தடவை உக்காந்து கேட்டுடுங்க. அப்பத்தான் எனக்குத் திருப்தி."

"வேண்டாம் தம்பி. அது அவ இடம்."

"ஒரே ஒரு பாட்டு ஐயா."

விட்டாரா? கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். டெய்லர் உட்கார்ந்தார், இடது காதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தபடி. ரசமட்டம் ஊசியை முதலிலிருந்து வைத்தார். பெண் குரல் எழுந்தது.

"போட்டுட்டீங்களா தம்பி?" என்றார் டெய்லர்.

ரசமட்டம் சத்தத்தைக் கூட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"போடுங்க தம்பி. கேக்கலையே."

அவர் ஊசியைத் தூக்கினார். அறை நிசப்தமானது. "ஐயா!" என்று கத்தினார், இடது காதுப் பக்கமாகவே போய். டெய்லர் திரும்பவில்லை. நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ரசமட்டம் கவனித்தார்... டெய்லரின் இடது காதுக்கு மேலிருந்த நரைமுடி அப்படியே அமுங்கிக் கிடந்தது. காதுமடல் தலையோடு தலையாக ஒட்டி, விளிம்பு வெளுத்துப் போயிருந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு.

டெய்லருக்கும் அப்போது புரிந்துவிட்டது.

"பொத்தியிருக்கா," என்றார் மெதுவாக. "கை சில்லுன்னு இருக்கு. மோதிரம் உறுத்துது."

ரசமட்டம் இரண்டு எட்டு பின்னால் போனார். பேயறைந்தவன் போல என்று சொல்வார்கள். இங்கே அதை உவமையாகச் சொல்வதற்கில்லை. இருந்தாலும் நல்ல மனுஷன், விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். டெய்லர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"விடுங்க தம்பி," என்றார். தன் குரலும் தனக்குக் கேட்காததால் கத்தினார். "அவ என்னைத் தொட்டு எட்டு மாசமாச்சு!"

அதற்கு மேல் ரசமட்டம் அங்கே நிற்கவில்லை. எப்படி ஸ்கூட்டரை எடுத்தார், எந்தச் சாலையில் போனார் என்றெல்லாம் அவருக்கு நினைவில்லை. பத்து நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பதினோராம் நாள் மகள் போன் பண்ணினாள். "அப்பாவுக்கு இருந்த ஒரு காதும் போயிடுச்சு அண்ணே. வீட்ல இடியே விழுந்தாலும் கேக்கல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, அங்க கடிகாரத்தோட முள்ளு சத்தம்கூடக் கேக்குதுங்கறார். அந்த இடது காதுல ஒரு குறையும் இல்லையாம். திரும்பி வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சா மறுபடியும் ஒண்ணும் கேக்கல. என்கூடவே வந்துடுங்கப்பான்னு எழுதிக் காட்டினேன். வரமாட்டேங்கறார்."

"கஷ்டப்படறாரா அம்மா?" என்று கேட்டார் ரசமட்டம்.

"அதான் அண்ணே எனக்குப் புரியல. சந்தோஷமா இருக்கார். தினமும் அந்த ரெக்கார்டைப் போட்டுட்டு, கேக்காமலே உக்காந்திருக்கார். ராத்திரிதான்..." அவள் நிறுத்தினாள். "ராத்திரி வலது பக்கமா மட்டுந்தான் ஒருக்களிச்சுப் படுக்கறார். தோள் மரத்துப்போனாலும் திரும்பமாட்டேங்கறார். ஏம்பான்னு எழுதிக் கேட்டேன். 'அந்தப் பக்கம் திரும்பினா உங்கம்மா கை நசுங்கிடுமே'ங்கறார்."