முதல் கரண்டி

டீ நல்லாருக்கு சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்ல, நான் ஒண்ணும் மாப்பிள்ளை முறுக்கோட ஸ்டேஷனுக்கு வரல. சொல்றேன், கேளுங்க.

கம்பெனியை ஆரம்பிச்சது அண்ணனும் நானும். மனுஷங்களுக்கு மீன் டின் போட்டது அவர். மிச்சமாகிற தலையையும் வாலையும் வீணாக்காம நாய்க்கு டின் போட்டது நான். மீன் டின் படுத்த வருஷமெல்லாம் எங்க வீட்ல அடுப்பெரிஞ்சது என் நாய் டின்னாலதான். பேர் என்னவோ அண்ணனுக்கு.

அவருக்கு ஒரு வழக்கம். காலையில ஆளுங்க முன்னால நாய் டின் ஒண்ணைத் திறந்து ஒரு கரண்டி சாப்பிடுவார். "நாம வாயில வைக்காததை வாயில்லா ஜீவனுக்கு வைக்கலாமாடா?"ம்பார். எல்லாரும் கை தட்டுவாங்க. போன வருஷம் ஒரு காய்ச்சல்ல அவருக்கு வாசனை, ருசி ரெண்டும் போயிடுச்சு. மண்ணைக் கொடுத்தாலும் தெரியாது. ஆளுங்களுக்கு நம்பிக்கை போயிடும், அண்ணிகிட்டகூடச் சொல்லாதேன்னார். நான் மூச்சு விடல.

அப்புறம் கம்பெனியைத் தன் பொண்ணைக் கட்டின மருமகன் கையில கொடுக்கறதா முடிவு பண்ணார். அவன் வந்ததும் வராததுமா, "நாய் டின்னை மூடிரலாம் மாமா, வெளிய சொல்லவே அசிங்கமா இருக்கு"ன்னான். அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீயும் எவ்வளவு நாள்தான் மாரடிப்பே, வீட்ல இருடா"ன்னார். நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தது சார் அது. வயிறு எரிஞ்சுது.

கெட்டுப்போன டின் உப்பிக்கும். அதைத் தனியா எடுத்துப் புதைச்சிடுவோம். அதுல ஒண்ணை எடுத்தேன். ஆணியால ஒரு துளை போட்டேன், காத்து இறங்கிச்சு, மேல லேபிளை ஒட்டினேன். காலையில அண்ணன் மேசையில வெச்சேன். அன்னைக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க, அதனால ரெண்டு கரண்டி சாப்பிட்டார். நாத்தம் பக்கத்துல நின்ன என் மூக்கு வரைக்கும்தான் வந்துச்சு. இருந்தாலும் கை தட்டினேன். அந்த வாரம் முடியறதுக்குள்ள போயிட்டார்.

இதுல என்ன தப்பைக் கண்டீங்க? ருசி பாக்கறதே எதுக்கு? கெட்டது இருந்தா பாக்கறவனோட நிக்கட்டும்னுதானே? நின்னுச்சு. ஒரு நாய்க்கும் ஒண்ணும் ஆகல. மருமகன் பயந்து ஒதுங்கிட்டான். நாய் டின் இன்னைக்கும் ஓடுது. மறுபடி செய்வியான்னு கேட்டா, செய்வேன். அண்ணனைக் கொன்னது நான்தான், எழுதிக்கோங்க.

ஒரே ஒரு உதவி. வீட்ல என் நாய் பட்டினியா கிடக்கும். யாரையாவது அனுப்பிச் சோறு போடச் சொல்லுங்க. எங்க டின் வேணாம் சார். அதை நான் என்னைக்கும் அதுக்குப் போட்டதில்ல.