பதினேழாம் எண் பலகை

மிதமிஞ்சியதைக் குறைத்து, ஆட்டமின்றிப் பிறருக்கு வழங்கும் கலைக்குத்தான் நாகரிகம் என்று பெயர். அதை நான் இருபத்திரண்டு ஆண்டுகள் செய்தேன்: இருபத்து நான்கு வோல்ட்டை ஐந்து வோல்ட்டாக்கினேன். சில நாட்களில் அது ஐந்தே காலாக இருக்கும்.

வேலை எளிது. ஒரு மின்சுவிட்சை நொடிக்கு லட்சம் தடவை போட்டு அணைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் போட்டு வைப்பது என்பதுதான் கட்டுப்பாடு. வெளியே வரும் வோல்ட்டை மட்டும் பார்த்து அதை முடிவுசெய்வது என் முறை. கண்ணியமான முறை. எங்கள் மின்சுற்றுப் பலகைகள் ஆஸ்பத்திரியில் மூச்சுவிட வைக்கும் இயந்திரங்களுக்குள் போகின்றன. அங்கே கண்ணியம் அவசியம்.

என் தங்கை கணவரை இதே நிறுவனத்தில் சேர்த்துவிட்டவன் நான்தான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை. மூன்றே வருடத்தில் அவர் புது முறை கொண்டுவந்தார்: உள்ளே வரும் வோல்ட்டையும் கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தையும் சேர்த்துக் கவனிப்பாராம். சூடு குறையுமாம். இயக்குநர் முன்னால், வாயில் பிஸ்கட்டோடு சொன்னார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வர்ற வோல்ட் திடீர்னு குதிச்சா உங்க பலகை ஆடிப்போயிடும். பின்னாடி கண்ணாடிய மட்டும் பாத்து வண்டி ஓட்டற மாதிரி இருக்கு."

"நீங்க எத்தன பக்கம் பாப்பீங்க, மாப்பிள்ளை?"

"நாலு பக்கமும். அதனாலதான் இன்னும் எங்கயும் முட்டல."

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார்.

எனக்குப் பகை கிடையாது. அது உணர்ச்சிவசப்படுகிறவர்களின் பொழுதுபோக்கு. என் பலகைகளோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்த அவருடைய பலகைகளில் பதினேழாம் எண்ணை மதிய உணவு நேரத்தில் எடுத்தேன். சுற்றை ஆடாமல் பிடித்துவைக்கும் எள்ளளவு மின்தேக்கியைக் கழற்றி, பத்தில் ஒரு பங்கு மதிப்புள்ளதைப் பொருத்தினேன். 'சோதிக்கப்பட்டது' முத்திரை என் மேசையில்தான் இருந்தது. குத்தினேன்.

பொறுப்போடுதான் கணக்கிட்டேன். பலகை ஆடினால் இயந்திரம் நிற்கும். நின்றால் எச்சரிக்கை மணி அடிக்கும். அடித்தால் நர்ஸ் ஓடிவருவார். மணியும் அதே ஐந்து வோல்ட்டில்தான் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதுவதற்குள் கணக்குப் பக்கம் நிறைந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்து, ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடித்தபோது வோல்ட் குதித்தது. மூன்றாம் கட்டிலின் இயந்திரம் நின்றது. கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கத்தில் அவர் மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா தூங்கறாருன்னு நெனச்சேன்" என்றாளாம்.

புது முறை என்பதால், எந்தப் பலகை என்று பார்க்கும் முன்பே மாப்பிள்ளையைத்தான் விசாரணைக்கு அழைத்தார்கள். தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவர் ஒரு வாய் சாப்பிடல. அவர் பலகை நல்லதுதான்னு நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"விசாரணை முடியட்டும்மா" என்றேன். பதற்றத்தில் எதையும் சொல்லக்கூடாது.

ஆகவே, அதிகாரி அவர்களே, ஒப்புக்கொள்கிறேன். பதினேழாம் பலகையைக் கெடுத்து அந்த டிரைவரைக் கொன்றவன் நான். கொலை என்றே எழுதுங்கள். நீங்கள் எழுதிவைத்திருக்கும் 'வடிவமைப்புக் குறைபாடு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். இருபத்திரண்டு வருட அனுபவத்தை அவமதிக்கும் சொல் அது.

நேற்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "சார், பதினேழு அஞ்சாம் கட்டில்ல இருக்கு. அன்னிக்கும் நிக்கல. லேசா முனகுது, அவ்வளவுதான்." அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாம் கட்டிலில் இருந்தது எட்டாம் எண். அது என் பலகை. அதில் யாரும் கைவைக்கவில்லை.