நம்பருக்குக் கீழே ஒரு பேர்

ஆவணி முதல் வெள்ளி, வெள்ளகோவில் பெட்ரோல் பங்கு. எனக்கு முன்னால் பழைய ஸ்கூட்டரோடு நின்ற பெரியவரிடம் பக்கத்து வண்டிக்காரர் கேட்டார்.

"ஏனுங்ணா, ஊட்டுல புது வண்டி சும்மா நிக்குது. இந்த ஓட்டையக் கட்டி அழுவறீங்க?"

"அதுல புள்ள பேரு இல்லீங்க தம்பி."

ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டில், எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில் 'சௌமியா' என்றிருந்தது.

"அவ பொறந்தப்ப கறுப்பு பிளேட்டு, வெள்ளையில எழுதுனேன். அப்புறம் பிளேட்ட வெள்ளையாக்கச் சொன்னாங்க, கறுப்புல எழுதிப்போட்டேன். இப்ப ஷோரூம்லயே அடிச்சுத் தர்ற பிளேட்டுல நம்பரத் தவிர ஒண்ணும் எழுதக்கூடாதாமா."

"பாப்பா போய்ச் சேந்தே வருசமாச்சுங்ளேண்ணா."

வரிசை நகர்ந்தது. பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"அவ இருந்தா எழுதாமயே உட்டுருவனே தம்பி."